திறந்த கம்பிகளும் மூடிய பெட்டியும்

மேலூர், சோழவந்தான், திருமங்கலம் பக்கத்து ஊர்களில் பங்குனி, சித்திரை மாத இரவுகளில் பயணம் செய்திருப்பவர்கள் அந்த மேடையை அறிவார்கள். மாரியம்மன் கோயிலுக்கு எதிரே பந்தல். மரங்களில் சீரியல் விளக்குகள். பாடுகிறவர்களுக்குப் பின்னால் இரும்புத் தாங்கியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கீபோர்டுகள். பாட்டு மாறும்போதெல்லாம் கீபோர்டு வாசிக்கிறவர் ஒரு பொத்தானை அழுத்துகிறார். சற்றுமுன் வயலின்களின் கூட்டமாக இருந்த பெட்டி இப்போது புல்லாங்குழலாகிறது. அடுத்த பாட்டில் அதுவே நாதஸ்வரம். கூட்டத்தில் யாரும் இதற்காக வியப்பதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோல் பொத்தானை அழுத்தினால் குழல் வருகிறது.

அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. மின்சாரத்திலிருந்து இசைக்கான ஒலியை உருவாக்கும் கருவி எப்படி இருக்கவேண்டும் என்ற கேள்விக்கு 1960களிலும் 70களிலும் இரண்டு விடைகள் சொல்லப்பட்டன. ஒன்று, கருவியைத் தனித்தனி உறுப்புகளாகப் பிரித்து வைத்து, வாசிப்பவரே கம்பிகளால் அவற்றை இணைத்துக்கொள்ளும்படி விட்டுவிடுவது. மற்றது, இணைப்புகளைத் தயாரிப்பாளரே முடிவுசெய்து, ஒரு பெட்டிக்குள் அடைத்து, வெளியே குமிழ்களையும் கட்டைகளையும் மட்டும் தருவது. முன்னது மாட்யுலர் சிந்தசைசர். பின்னது நாம் மேடைகளில் காணும் கீபோர்டின் முன்னோடி. இவற்றில் எது சிறந்தது என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அகமதாபாத் ஒலிநாடாக்களை நண்பர்கள் சிலர் சேர்ந்து கேட்ட ஒரு மாலையில் எங்களுக்குள்ளும் அது மூண்டது. இக்கட்டுரை அதன் தொடர்ச்சி. மேலைநாட்டில் இந்த விவாதத்துக்கு ஐம்பதாண்டு வயது என்பார்கள். நம் மண்ணில் அதன் வயது மிகக் கூடுதல் என்பது எங்கள் எண்ணம்.

*

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். சிந்தசைசரின் உறுப்புகள் எளிமையானவை. அலையியற்றி மின் அலைகளை உண்டாக்குகிறது. ஒலியின் மூலப்பொருள் அது. வடிகட்டி அந்த அலையிலுள்ள மேல் அதிர்வுகளைக் குறைத்தோ கூட்டியோ அதன் நிறத்தை மாற்றுகிறது. பெருக்கி ஓசையின் அளவைத் தீர்மானிக்கிறது. என்வலப் என்ற உறுப்பு, ஓர் ஒலி எவ்வளவு விரைவில் எழவேண்டும், எவ்வளவு நேரம் நிற்கவேண்டும், எப்படி அடங்கவேண்டும் என்பதை வகுக்கிறது. தந்தியை மீட்டும்போது ஓசை சட்டென எழுந்து மெல்ல மறைகிறது. குழலை ஊதும்போது சற்றே தயங்கி எழுந்து, மூச்சு உள்ளவரை நிற்கிறது. அந்த வேறுபாடுதான் என்வலப்பின் வேலை.

அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964இல் இவ்வுறுப்புகளை ஒரே மொழியில் பேசவைத்தார். அந்த மொழி மின்னழுத்தம். அலையியற்றிக்குச் செல்லும் அழுத்தத்தை ஒரு வோல்ட் கூட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு கட்டைகள் என்றால், ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் வேறுபாடு ஒரு வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இதே அழுத்தத்தை வடிகட்டிக்கும் அனுப்பலாம், பெருக்கிக்கும் அனுப்பலாம். எதனிலிருந்து எதற்கு அனுப்புவது என்பதை வாசிப்பவர் கம்பி செருகித் தீர்மானிக்கிறார். பழைய தொலைபேசி நிலையங்களில் ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்குக் கம்பி செருகிப் பேச்சை இணைத்த முறையே இது. கம்பி செருகாதவரை மாட்யுலர் கருவி ஊமை. செருகிய பிறகு அது என்ன பேசும் என்பதைச் செய்தவராலும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது.

அதே ஆண்டுகளில் மேற்குக் கடற்கரையில் டான் புக்லா என்பவர், சான் பிரான்சிஸ்கோ நாடா இசை மையத்துக்காக வேறொரு மாட்யுலர் கருவியைச் செய்தார். அதில் பியானோ போன்ற கட்டைகள் கிடையாது. தொட்டால் உணரும் தகடுகளே இருந்தன. கட்டைகள் இருந்தால் வாசிப்பவர் பழைய இசையையே வாசிப்பார் என்பது அவர் கருத்து. மார்ட்டன் சுபோட்னிக் 1967இல் வெளியிட்ட இசைத்தட்டு இந்தக் கருவியில் பிறந்தது. மறுபுறம், மூக்கின் மாட்யுலரில் கட்டைகள் இருந்தன. 1968இல் வெண்டி கார்லோஸ் அதில் பாக்கின் இசையை ஒவ்வொரு குரலாகப் பதிந்து வெளியிட்ட தட்டு பெரும் வெற்றி பெற்றது. புதிய கருவியைப் பொதுமக்கள் அறிந்துகொண்டது பழைய இசையின் வழியாகத்தான்.

1970இல் மூக்கின் நிறுவனமே மினிமூக் என்ற சிறிய கருவியை வெளியிட்டது. மூன்று அலையியற்றிகள், ஒரு வடிகட்டி, நாற்பத்து நான்கு கட்டைகள். இணைப்புகள் அனைத்தும் உள்ளே நிலைப்படுத்தப்பட்டவை. கம்பிகள் போய்விட்டன. ஆனால் கட்டைகளுக்கு இடப்பக்கத்தில் இரண்டு சிறிய சக்கரங்கள் வந்தன. அவற்றில் ஒன்றை உருட்டினால் சுருதி வளைந்தது. இந்தச் சக்கரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கதையில் அது மறுபடி வரும். 1971இல் வந்த ஆர்ப் 2600 நடுவழி ஒன்றைக் கண்டது. உள்ளே இணைப்புகள் இருந்தன. விரும்பினால் வெளியிலிருந்து கம்பி செருகி அவற்றை மீறலாம்.

பிறகு மாற்றங்கள் விரைந்தன. 1978இல் வந்த புரோஃபெட் 5 நாற்பது ஒலிகளை நினைவில் வைத்துக்கொண்டது. அதுவரை ஒரு நல்ல ஒலியைக் கண்டுபிடித்தவர் குமிழ்களின் நிலையைத் தாளில் வரைந்து வைத்துக்கொள்ளவேண்டும். மாட்யுலர் என்றால் கம்பிகளின் வழியையும் வரையவேண்டும். இனி ஒரு பொத்தான் போதும். 1983இல் யமஹா டிஎக்ஸ்7 வந்தது. ஜான் சௌனிங் கண்டறிந்த அதிர்வெண் பண்பேற்ற முறையில் இயங்கிய அக்கருவி ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆனால் அதில் புதிய ஒலியை அமைப்பது கடினம். பெரும்பாலோர் அதற்குள் முன்பே இருந்த முப்பத்திரண்டு ஒலிகளையே வாசித்தார்கள். பெட்டி முழுமையாக மூடியது அப்போதுதான்.

*

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கு இடமில்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். இரண்டு ஊர்கள் அந்த எண்ணத்தை மாற்றின.

முதலாவது அகமதாபாத். அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் ஒரு மூக் மாட்யுலர் நிறுவப்பட்டது. அதை அமைத்துக் கொடுத்தவர் ஜான் கேஜின் படைப்புகளை வாசித்துப் புகழ்பெற்ற பியானோ கலைஞர் டேவிட் டியூடர். இதற்குப் பின்னால் இருந்தவர் கீதா சாராபாய். பக்கவாத்தியம் என்று பெண்களுக்கு எவரும் கற்பிக்காத காலத்தில் பக்காவஜ் பயின்றவர். 1946இல் நியூயார்க் சென்றபோது கேஜிடம் மேலை இசையைக் கற்று, அவருக்கு இந்திய இசையைக் கற்பித்தார். இசையின் நோக்கம் மனத்தை அடக்கி நிதானப்படுத்துவது என்ற கருத்தைக் கேஜ் பெற்றது இவரிடமிருந்துதான். அந்த மூக்கில் கீதா சாராபாயோடு ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் இசை அமைத்தார்கள். 1970களின் முற்பகுதியிலேயே அம்முயற்சி ஓய்ந்தது. ஒலிநாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் கிடந்தன. பிரிட்டிஷ் கலைஞரான பால் பர்காஸ் 2017இல் அவற்றைக் கண்டெடுத்தார். 2023இல் அவை தொகுப்பாக வெளிவந்தன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு மௌனம்.

இரண்டாவது பம்பாய். இந்தித் திரைப்படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அவரிடமிருந்தவை ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகள்: ஜூபிட்டர் 8, டிஆர்808 என்ற தாளப்பெட்டி, டிபி303 என்ற சிறிய பேஸ் பெட்டி. மூன்றும் மூடிய பெட்டிகள். டிபி303, தனியாகப் பயிற்சி செய்யும் கிதார் கலைஞருக்குத் துணையாகப் பேஸ் வாசிக்கச் செய்யப்பட்ட கருவி. அந்த வேலையை அது சரியாகச் செய்யவில்லை என்பதால் 1984இல் தயாரிப்பு நின்றுபோனது. ஆனால் அதில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி இருந்தது. சரண்ஜித் சிங் அதைக் கண்டுகொண்டார். பைரவி, யமன், மால்கௌன்ஸ் என்று பத்து ராகங்கள் அந்த வழுக்கலில் ஓடின. தட்டு விற்கவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து, 1987இல், சிகாகோவில் இளைஞர்கள் சிலர் அதே டிபி303ஐத் திருகி ஆசிட் ஹவுஸ் என்ற இசை வகையைத் தொடங்கினார்கள். 2010இல் சரண்ஜித் சிங்கின் தட்டு மறுபதிப்பு கண்டபோதுதான் அவர் முந்திக்கொண்டிருந்ததை உலகம் கவனித்தது. 2015இல் அவர் மறைந்தார்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் மாட்யுலர் ஆதரவாளர்களுக்கு ஒரு சங்கடம் ஏற்படுகிறது. எதையும் செய்யலாம் என்ற கருவி, ஒரு நிறுவனத்தின் பண வலிமையோடு, ஒரு வளாகத்துக்குள் இருந்தது. அது நின்றதும் எல்லாம் நின்றது. இதை மட்டுமே செய்யலாம் என்ற கருவியோ ஒரு தனிமனிதரின் கையில் இருந்தது. அவர் அதை வேறொன்றைச் செய்யவைத்தார். எங்களில் ஒருவர் இதைக் கொண்டு வழக்கை முடித்துவிட முயன்றார். மற்றொருவர் அகமதாபாத் நாடாக்களை மறுபடி ஓடவிட்டார். எந்தச் சுரத்திலும் நில்லாமல் நீண்டு நீண்டு நகரும் அந்த ஓசைகளை மூடிய பெட்டி எதிலும் கேட்டதில்லை என்பதை அனைவரும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வழக்கு முடியவில்லை.

*

இனி மதுரைக்கு வருவோம். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஆய்ச்சியர் குரவை என்றொரு காதை உண்டு. மதுரை நகரின் புறத்தே, ஆயர் சேரியில், மாதரி என்ற இடைக்குல மூதாட்டியின் வீட்டில் கண்ணகி அடைக்கலமாக இருக்கிறாள். தீய நிமித்தங்கள் கண்ட மாதரி, குரவைக் கூத்தாட ஏழு பெண்களை அழைக்கிறாள். அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயர்களைச் சூட்டி வட்டமாக நிறுத்துகிறாள். உ.வே. சாமிநாதையர் 1892இல் நூலைப் பதிப்பித்தபின், ஆபிரகாம் பண்டிதர் முதல் விபுலானந்த அடிகள் வரை தமிழிசை ஆய்வாளர்கள் பலரும் இந்த வட்டத்தின் முன் வந்து நின்றார்கள். காரணம், பழந்தமிழ் இசையின் பண்ணுப்பெயர்த்தல் என்ற முறை இதில் அடங்கியிருக்கிறது. வட்டத்திலுள்ள ஏழும் மாறுவதில்லை. எதனைக் குரலாக, அதாவது ஆதார சுரமாகக் கொள்கிறோம் என்பது மாறுகிறது. துத்தத்தைக் குரலாகக் கொண்டால் ஒரு பாலை. கைக்கிளையைக் கொண்டால் வேறு பாலை. உறுப்புகள் அவையே; இணைப்பு மாறினால் இசை மாறும்.

இதை மாட்யுலர் என்று அழைப்பது மிகை என்று தோன்றலாம். கருவியின் நிலையில் நின்று பார்த்தால் ஒப்புமை இன்னும் தெளிவாகும். யாழில் மெட்டுகள் கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். கோட்டில் வார்க்கட்டுகளை இறுக்கியும் தளர்த்தியும் சுருதி கூட்டவேண்டும். வேறு பண்ணுக்கு வேண்டிய சுரங்கள் நரம்புகளில் இல்லையென்றால் நரம்புகளை மறுபடி கூட்டவேண்டும். பாணனின் கலையில் பாதி இந்தக் கூட்டலில்தான் இருந்திருக்க வேண்டும். விபுலானந்த அடிகள் இதற்காகவே வாழ்நாளின் பிற்பகுதியைச் செலவிட்டார். இலங்கையின் காரைதீவில் பிறந்து, 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறி, அறிவியலும் பயின்ற அவர், பழைய யாழ்களின் அமைப்பைக் கணக்கிட்டு மீட்க முயன்ற யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் காலமானார்.

யாழ் போய் வீணை வந்தது. வீணைக்குள்ளேயும் இதே விவாதம் நடந்திருக்கிறது. 1550இல் ராமாமாத்யர் எழுதிய ஸ்வரமேளகலாநிதி இருவகை வீணைகளைப் பேசுகிறது. ஒன்றில் ராகத்துக்கு ஏற்ப மெட்டுகளை நகர்த்தவேண்டும். மற்றதில் எல்லா ராகங்களுக்குமான மெட்டுகள் ஏற்கெனவே பதிந்திருக்கும். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் இருபத்து நான்கு மெட்டுகளும் நிலையாகப் பதிந்த வீணை உருப்பெற்றது. இன்று நாம் வீணை என்று அறிவது அதையே. மதுரையில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் தாயார் சண்முகவடிவு மீட்டியதும் அவ்வகை வீணைதான். எது நடந்தது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். மெட்டை நகர்த்தும் உரிமையை வாசிப்பவர் இழந்தார். பதிலுக்கு, ஒரே கச்சேரியில் ராகத்துக்கு ராகம் தயக்கமின்றித் தாவும் வல்லமையைப் பெற்றார். மினிமூக் செய்ததும் இதுவே.

ஆனால் வீணை இன்னொன்றையும் செய்தது. மெட்டுகள் பதிந்துவிட்ட பின்னும், இடக்கை விரலால் தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்தால் சுருதி வளைகிறது. தோடியின் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்பதில்லை. இரு சுரங்களுக்கிடையே அசைந்து அசைந்தே அது காந்தாரமாகிறது. அந்த அசைவு சீரான ஊசலாட்டமும் அன்று. முன்பின் வரும் சுரங்களைப் பொறுத்து அதன் வேகமும் வீச்சும் மாறும். நிலையான மெட்டுக்குள் நிலையில்லாத சுரத்தைக் கொண்டுவர விரல் வழி கண்டது.

ஆர்மோனியத்துக்கு அந்த வழி இல்லை. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய காலத்தில் நாடக மேடையின் உயிரே ஆர்மோனியம்தான். ஆனால் கட்டையை அழுத்தினால் வரும் சுரம் வளையாது. அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. 1971இல்தான் தடை தளர்ந்தது. கட்டைக் கருவி நம் இசைக்கு ஆகாது என்ற தீர்ப்பு முப்பதாண்டுக்கு மேல் அரசின் தீர்ப்பாகவே இருந்தது. ஊர் மேடைகள் அதைப் பொருட்படுத்தவில்லை. அன்றைய மதுரை மாவட்டத்தின் பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராசனோடு கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்து வந்த இளைஞர்தான் 1976இல் அன்னக்கிளி படத்தின் வழியே இளையராஜாவாக அறியப்பட்டார்.

அவருடைய இசைக்கூடத்துக்குள் சிந்தசைசர்கள் வந்ததும், 1986இல் புன்னகை மன்னன் படத்தில் கணினி வழி இசைக்கோவை பயன்பட்டதும் அக்காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டன. அவருடைய குழுவில் கீபோர்டு வாசித்த இளைஞர் ஏ.ஆர். ரஹ்மான் 1992இல் ரோஜா படத்தின் வழியே தம் ஒலியைக் கொண்டுவந்தார். இவ்விருவரும் பயன்படுத்தியவை பெரும்பாலும் மூடிய பெட்டிகளே. இறக்குமதிக்கு உரிமமும் கடும் தீர்வையும் இருந்த நாட்டில், அறை நிறையும் மாட்யுலரைத் தனிமனிதர் எவரும் கனவு காண இயலாது. சிங்கப்பூர் சென்று வருபவர் கையில் தூக்கிவரக்கூடிய கருவியே நமக்கு வாய்த்தது. தமிழ் மின்னிசையின் வரலாற்றைக் கருத்துகளைவிடச் சுங்கச் சாவடியே கூடுதலாகத் தீர்மானித்தது எனலாம்.

*

மதுரைப் பக்கம் மூடிய பெட்டிக்கு இன்னொரு முகமும் உண்டு. நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து என்றொரு கருவி இருந்தது. நாதஸ்வரம் போன்றே நீண்டது. விரல் துளைகள் இல்லை. அதை ஊதுபவர் கச்சேரி முழுவதும், மூச்சு அறுபடாமல், ஒரே ஒரு சுருதியை ஊதிக்கொண்டிருப்பார். நாதஸ்வரம் கற்கவரும் சிறுவர்கள் பலருக்கு முதல் பள்ளிக்கூடம் அதுதான். 1979இல் பெங்களூரில் ராஜ் நாராயண் என்ற பொறியாளர் மின்னணுச் சுருதிப்பெட்டியை உருவாக்கினார். அலையியற்றியும் பெருக்கியும் அடங்கிய சிறு பெட்டி. ஒரு குமிழைத் திருகினால் சுருதி. அதுவும் ஒரு சிந்தசைசரே. அதைவிட மூடிய சிந்தசைசர் வேறில்லை. இன்று மதுரைக் கோயில்களிலும் திருமண மண்டபங்களிலும் ஒத்து ஊதுபவரைக் காண்பது அரிது. ஒரு கூலி மிச்சம் என்று மேளக்காரர் சொல்வதில் தவறில்லை. ஒருவருடைய கூலியைப் பங்கிட்டுக்கொள்ளும் அளவுக்குத்தான் பல குழுக்களுக்கு வருமானம் இருக்கிறது. ஆனால் மூச்சை அடக்கிச் சுருதிக்குள் உட்கார்ந்திருக்கப் பழகிய சிறுவனின் இடமும் அந்தக் கூலியோடு போய்விட்டது.

1968இல் தில்லானா மோகனாம்பாள் படத்துக்கு நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அத்தகைய வாசிப்பு பிறந்த ஊரில், கீபோர்டின் பொத்தான் நாதஸ்வரம் ஆகிறது. இது அலையியற்றியில் பிறந்த ஓசைகூட இல்லை. யாரோ ஒருவர் வாசித்ததைத் துண்டாகப் பதிந்து, பெட்டிக்குள் வைத்திருப்பது. அவர் யார் என்று பெட்டியில் எழுதியிருப்பதில்லை.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு திருநகரில் வசிக்கும் மூத்த கீபோர்டு கலைஞர் ஒருவரைப் பார்க்கச் சென்றோம். இருபத்தைந்து ஆண்டுகள் மெல்லிசைக் குழுக்களில் வாசித்தவர். பெட்டிக்காரர்கள் கொடுத்த ஒலியை அப்படியே வாசிப்பதில் உங்களுக்கு மனக்குறை இல்லையா என்று கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் பழைய கருவியொன்றின் உறையை நீக்கினார். நாதஸ்வரத்துக்கான பொத்தானை அழுத்தி, வலக்கையால் ஒரே ஒரு கட்டையைத் தொட்டார். வந்தது சந்தைக்கடை ஊதல். பிறகு இடக்கையின் பெருவிரலைச் சக்கரத்தில் வைத்தார். அதே கட்டை தோடியாயிற்று.

“தம்பி, ஒலி அவன் குடுத்தது. வளைவு என் கையில இருக்கு. இந்தச் சக்கரம் இல்லாத பெட்டிய நான் வாங்கவே மாட்டேன்” என்றார்.

தொடர்ந்து, கருவிக்குள் இருந்த நாதஸ்வரத்தின் எழுச்சியைத் தாமதப்படுத்தி, வடிகட்டியைச் சற்று மூடி, தாம் அமைத்து வைத்திருந்த இன்னொரு ஒலியைக் காட்டினார். தம் ஊர்க் கோயிலில் கேட்ட வாசிப்பை நினைவில் வைத்து அமைத்ததாம். அதற்கு அவர் இட்ட பெயர் அந்தக் கோயிலின் பெயர். கருவியின் மின்கலம் தீர்ந்தால் அந்த நினைவு அழிந்துவிடும் என்பதால், எண்களை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த நோட்டைப் புரட்டியபோது எங்கள் விவாதத்தின் அடிப்படை ஆட்டம் கண்டது. மாட்யுலர் திறந்தது, மற்றது மூடியது என்று பிரித்திருந்தோம். திறப்பு கருவியில் மட்டும் இருப்பதில்லை. கம்பிகள் இருந்த இடத்தில் அது கம்பிகளில் இருந்தது. அவை போனபின் சக்கரத்தில், வழுக்கலில், பெருவிரலில் இருந்தது. வீணையில் தந்தியை இழுக்கும் விரலில் இருந்ததும் அதுவே.

எனினும் இதைச் சொல்லி மூடிய பெட்டிக்கு முழு நற்சான்று தந்துவிடவும் மனமில்லை. சக்கரத்தை விரலால் வளைக்கத் தெரிந்தவருக்குத் தோடி முன்பே தெரிந்திருந்தது. ஒத்தும் நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்த காது அவருடையது. பொத்தான் தரும் நாதஸ்வரத்தை மட்டுமே கேட்டு வளரும் சிறுவன் எதை நோக்கி வளைப்பான்? மாட்யுலர் கருவி ஒன்றைக் கட்டாயப்படுத்துகிறது: ஒலி எதனால் ஆனது என்று தெரியாமல் அதில் ஓர் ஓசையும் எழுப்ப முடியாது. மூடிய பெட்டியில் அந்த அறிவு தேவைப்படுவதில்லை. தேவைப்படாத அறிவு ஒரு தலைமுறையில் மறைந்துவிடுகிறது. ஒத்து மறைந்ததில் நாம் கண்டதும் அதுவே.

மாட்யுலர் இன்று மீண்டிருக்கிறது. 1990களின் நடுவில் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் சிறிய அளவில் வகுத்த யூரோரேக் முறைக்கு இன்று உலகெங்கும் எண்ணற்ற சிறு தயாரிப்பாளர்கள் உறுப்புகள் செய்கிறார்கள். 2017இல் வந்த விசிவி ரேக் என்ற மென்பொருள் அவ்வுறுப்புகளைக் கணினித் திரையில் இலவசமாகவே தருகிறது. 1969இல் ஒரு நிறுவனத்தின் தயவு தேவைப்பட்ட கருவி, இன்று உசிலம்பட்டியில் மடிக்கணினி வைத்திருக்கும் கல்லூரி மாணவருக்குக் கைக்கெட்டும். பன்னிரண்டு கட்டைக்குக் கட்டுப்படாமல், ஏழு பாலைகளையும் மின்னழுத்தத்தில் கூட்டிப் பார்க்கத் தடையில்லை. விபுலானந்தர் தாளில் கணக்கிட்டதைக் காதால் கேட்கலாம். யாராவது செய்யவேண்டும்.

மீனாட்சியம்மன் கோயிலின் வடக்கு ஆடி வீதியில் ஐந்து இசைத் தூண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே கல்லில் செதுக்கிய இருபத்திரண்டு சிறு தூண்களின் கொத்து. தட்டினால் வெவ்வேறு சுருதி. அதைவிட நிலையான கருவி உலகில் இருக்கமுடியாது. செதுக்கியவன் முடிவு செய்தது முடிவு. அந்தத் தூண்கள் நூற்றாண்டுகளாக நிற்கின்றன. அவற்றைச் செதுக்கும்போது எந்தக் கல் எந்தச் சுருதி தரும் என்று தட்டித் தட்டிக் கேட்ட சிற்பியின் நோட்டு நம்மிடம் இல்லை. அகமதாபாத் நாடாக்கள் ஒருவர் தேடிப் போனதால் பிழைத்தன. திருநகர் வீட்டு அலமாரியில் உள்ள பள்ளிக்கூட நோட்டை, அவர் அனுமதியோடு, பக்கம் பக்கமாகப் படமெடுத்து வந்திருக்கிறோம். மதுரையைச் சுற்றி இதுபோல் எத்தனை நோட்டுகள் எத்தனை வீடுகளில் கிடக்கும் என்பதே திரும்பி வரும்போது எங்கள் பேச்சாக இருந்தது.